17 வயது உலகக் கோப்பை: கால்பந்தின் பீட்டா வெர்ஷன்

புதிய சாப்ட்வேர் ஒன்றை எந்த நிறுவனமும் எழுதி முடித்தவுடன் விற்பனைக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஆல்ஃபா, அடுத்து பீட்டா என்று வெளியிடுவார்கள். அதைச் சிலர் பயன்படுத்திப் பார்த்து, எங்கே திணறுகிறது, எங்கே தவறு செய்கிறது என்று சொல்வார்கள். அவற்றைச் சரி செய்த பிறகே முழு வெர்ஷன் வரும். சாப்ட்வேர் டெஸ்டிங் துறையில் வேலை செய்யும் எனக்குப் பிழைப்பே இதுதான்.

கால்பந்து விளையாட்டுக்கும் இப்படி ஒரு பீட்டா வெர்ஷன் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஃபிஃபா நடத்தும் 17 வயதுக்கு உட்பட்டோர், 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டிகள்தான் அவை. பெரியவர்களின் உலகக் கோப்பையில் நாம் டிவியில் வாய் பிளந்து பார்க்கும் பல தொழில்நுட்பங்கள், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பையன்களின் ஆட்டத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. அவை எவை, எப்படி வேலை செய்தன, அவற்றால் நம் ஊர் மைதானத்துக்கு என்ன பயன் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் வசிப்பது கொடுங்கையூரில். பக்கத்திலேயே வியாசர்பாடி. பத்திரிகைகள் ‘குட்டி பிரேசில்’ என்று எழுதும் அதே வியாசர்பாடிதான். எங்கள் பகுதியில் கிரிக்கெட் மட்டையைவிடக் கால்பந்தைப் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் அதிகம். 2018-ல் மாஸ்கோவில் நடந்த தெருவோரச் சிறார் உலகக் கோப்பையில் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, தண்டையார்பேட்டையில் இயங்கும் கருணாலயா அமைப்பைச் சேர்ந்தது. எனவே இளையோர் கால்பந்து எங்களுக்கு டிவியில் மட்டும் பார்க்கும் சமாச்சாரம் அல்ல.

தோற்றுப்போன பீட்டாக்கள்

எல்லா பீட்டாவும் முழு வெர்ஷனாக மாறிவிடாது. கால்பந்திலும் அப்படித்தான்.

1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில், பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிவதற்குப் பதிலாகக் காலால் உதைத்து உள்ளே அனுப்பும் முறையைச் சோதித்தார்கள். அந்த முறை விதியாக மாறவில்லை. இன்றும் கையால்தான் எறிகிறோம்.

அதே 1993-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் ‘கோல்டன் கோல்’ அறிமுகமானது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் அடிக்கிறார்களோ அவர்களே வெற்றியாளர், ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். இது 1998, 2002 உலகக் கோப்பைகள் வரை போனது. 2004-ல் நீக்கிவிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், வெளியிட்ட பிறகு அன்-இன்ஸ்டால் செய்யப்பட்ட வசதி.

பந்துக்குள் ஒரு சிப்

கம்ப்யூட்டர் வாசகர்களான நமக்கு முக்கியமான சோதனை 2005-ல் பெரு நாட்டில் நடந்தது. அந்த ஆண்டின் 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் பந்துக்குள்ளேயே ஒரு சிப்பை வைத்துத் தைத்தார்கள். அடிடாஸ் நிறுவனமும், ஜெர்மனியின் கெய்ரோஸ் நிறுவனமும், ஃப்ராண்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. மைதானத்தைச் சுற்றி நிறுத்தப்பட்ட ஆன்டெனாக்கள், சிப் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பிடிக்கும். கம்ப்யூட்டர் அதை வைத்துப் பந்து இருக்கும் இடத்தைக் கணக்கிடும். பந்து கோல் கோட்டை முழுவதுமாகத் தாண்டினால் நடுவரின் மணிக்கட்டில் இருக்கும் கருவிக்குச் செய்தி வரும். அந்தக் கோப்பையை மெக்ஸிகோ, பிரேசிலை 3-0 என்று வீழ்த்தி வென்றது.

ஆனால் சிப் வெல்லவில்லை. இன்னும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி 2006 உலகக் கோப்பையில் அதைச் சேர்க்கவில்லை. 2008-ல் கோல் கோடு தொழில்நுட்பம் முழுவதையுமே கிடப்பில் போட்டார்கள்.

கிடப்பில் போட்டதற்கான விலை 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது. ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. டிவி பார்த்த உலகம் முழுவதும் கோல் என்றது. நடுவர் மட்டும் பார்க்கவில்லை. அதன் பிறகே வேகம் பிடித்து, 2012 ஜூலை 5 அன்று கோல் கோடு தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் 14 கேமராக்கள் கொண்ட கோல்கண்ட்ரோல் முறை வந்தது. பெருவில் ஓரங்கட்டப்பட்ட ‘பந்துக்குள் சென்ஸார்’ என்ற யோசனையும் வீண் போகவில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பைப் பந்தின் நடுவில், வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்ஸார் இருந்தது. பையன்கள் சோதித்துக் கொடுத்த யோசனை பெரியவர்களிடம் போய்ச் சேர 17 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

கொரியாவில் ஒரு ரெட் கார்டு

அடுத்த பெரிய சோதனை வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ உதவி நடுவர். தனி அறையில் பல மானிட்டர்களுக்கு முன்னால் அமர்ந்து, எல்லாக் கேமராக் காட்சிகளையும் பார்த்து, மைதான நடுவருக்குக் காதில் சொல்லும் முறை இது. ஃபிஃபா நடத்தும் இளையோர் போட்டிகளில் இது முதன்முதலில் வந்தது 2017-ல் தென்கொரியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில்.

மே 20 அன்று இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. அர்ஜென்டினாவின் 19 வயது வீரர் ஒருவர் எதிரணி வீரரை முழங்கையால் இடித்தார். நடுவர் வீடியோவைப் பார்த்துவிட்டு ரெட் கார்டு காட்டினார். அர்ஜென்டினா 0-3 என்று தோற்றது, முதல் சுற்றிலேயே ஊருக்குத் திரும்பியது. அந்த வீரரின் பெயர் லவுட்டாரோ மார்ட்டினெஸ். ஐந்து ஆண்டுகள் கழித்து 2022-ல் உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியில் அவரும் இருந்தார்.

கொரியா போட்டி முடிந்து நான்கே மாதங்களில், 2017 அக்டோபரில், 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. டெல்லி, கொல்கத்தா, கொச்சி, கோவா, குவாஹாட்டி, நவி மும்பை என்று ஆறு இடங்களில் நடந்தது. சென்னைக்கு இடமில்லை. அக்டோபர் 9 அன்று டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக, பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தை மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா பதிலடி கொடுத்து 2-1 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 5-2 என்று வீழ்த்தி இங்கிலாந்து கோப்பையைத் தூக்கியது.

இந்தியாவில் நடந்த அந்தப் போட்டியில் வி.ஏ.ஆர். இல்லை. இந்திய மண்ணில் அது முதன்முதலில் பயன்பட்டது 2022 அக்டோபரில், 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில்.

பீட்டா டெஸ்டரின் சம்மதம்

இந்த இடத்தில் ஒரு டெஸ்டராக எனக்குள் எழும் கேள்வியைச் சொல்லியாக வேண்டும்.

நாம் ஒரு பீட்டா சாப்ட்வேரை நிறுவும்போது, ‘இது இன்னும் முழுமை பெறவில்லை, உங்கள் பைல்கள் அழிந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு செய்தி வரும். ‘ஐ அக்ரீ’ பட்டனை அழுத்திய பிறகுதான் உள்ளே விடுவார்கள். முக்கியமான வேலை இருக்கும் கம்ப்யூட்டரில் பீட்டாவைப் போடாதீர்கள் என்று நாமும் நண்பர்களுக்குச் சொல்வோம்.

17 வயதுப் பையனுக்கு உலகக் கோப்பையைவிட முக்கியமான வேலை எது? பெரியவர்களுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு கோப்பை வரும். இவனுக்கு வராது. 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டி நெடுங்காலம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடந்தது. வயது ஏறிக்கொண்டே போவதால் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்பு. (2025 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள்.) பெரிய கிளப்புகளின் ஆட்கள் நோட்டுப் புத்தகத்துடன் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதும் அந்த ஒரு வாய்ப்பைத்தான். அங்கே சோதனையில் இருக்கும் ஒரு முறை தவறு செய்தால், அந்த பக் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடும். பையனுக்கோ காலம் போய்விடும்.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்காவது சோதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பீட்டா டெஸ்டர்களுக்கு முழு வெர்ஷனில் ஒரு பங்கு தர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத மரியாதை. பெருவில் சோதித்த சிப்பும், கொரியாவில் சோதித்த வி.ஏ.ஆரும் போய்ச் சேர்ந்தது கோடீஸ்வர மைதானங்களுக்குத்தான். ஐ.எஸ்.எல். போட்டிகளில்கூட 2024-25 சீசன் வரை வி.ஏ.ஆர். கிடையாது. அப்படியிருக்க, கொடுங்கையூர் மைதானத்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

கீழே இறங்கி வரும் பீட்டா

இப்போது முதன்முறையாக ஒரு சோதனை எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. அதன் பெயர் எஃப்.வி.எஸ்., அதாவது கால்பந்து வீடியோ உதவி. 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும், டொமினிகன் குடியரசில் நடந்த 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையிலும் இதைச் சோதித்தார்கள். 2025 நவம்பரில் கத்தாரில் 48 அணிகள் ஆடி, இறுதியில் ஆஸ்திரியாவை 1-0 என்று வென்று போர்ச்சுகல் பட்டம் பெற்ற 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலும் இதே முறைதான்.

இது வேலை செய்யும் விதம் மிக எளிது.

1. தனி வீடியோ அறை கிடையாது, வீடியோ நடுவரும் கிடையாது. மைதான ஓரத்தில் ஒரு மானிட்டரும், காட்சியை ஓட்டிக் காட்ட ஓர் ஆபரேட்டரும் போதும்.

2. நான்கைந்து கேமராக்கள் மட்டுமே உள்ள ஆட்டங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

3. மறுபரிசீலனை கேட்பது பயிற்சியாளர். விரலைச் சுழற்றிக் காட்டி, ஓர் அட்டையை நான்காம் நடுவரிடம் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்தவுடன் கேட்க வேண்டும்.

4. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு வாய்ப்புகள். கேட்டதில் தீர்ப்பு மாறினால் அந்த வாய்ப்பு செலவாகாது. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். போலத்தான்.

5. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிப்போய் கார்டு காட்டியது ஆகிய நான்குக்கு மட்டுமே கேட்கலாம்.

6. மானிட்டரைப் பார்த்து முடிவு சொல்பவர் மைதான நடுவர்தான். தவறு தெளிவாகத் தெரியாவிட்டால் முதலில் சொன்ன தீர்ப்பே நிற்கும்.

2025-26 சீசனில் இத்தாலியின் மூன்றாம் டிவிஷனான சீரி-சி இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முந்தைய பீட்டாக்கள் மேலே போயின. இது கீழே இறங்கி வருகிறது. மூன்றாம் டிவிஷன் வரை வந்த ஒன்று, சென்னை லீக் ஆட்டங்களுக்கும் பள்ளிக்கூடப் போட்டிகளுக்கும் வராது என்று சொல்வதற்கில்லை.

நம் மைதானத்தில் செய்து பார்த்தால்

கடந்த பொங்கல் விடுமுறையில் எங்கள் பகுதியில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான எழுவர் ஆட்டப் போட்டி ஒன்று நடந்தது. அதில் என் போனையும் நண்பன் போனையும் டிரைபாடில் நிறுத்திப் படம் எடுத்தேன். காற்று திரும்பினால் குப்பைக் கிடங்கின் வாடை மைதானத்துக்கு வரும். அதையெல்லாம் பையன்கள் கண்டுகொள்வதில்லை. அரையிறுதியின் கடைசி நிமிடம், கோட்டருகே கீப்பர் பந்தைத் தட்டிவிட்டான். நடுவர் கோல் இல்லை என்றார்.

“அண்ணா, வீடியோவ போடுணா, உள்ள பூந்துதான் வந்துச்சு!” என்று ஓர் அணி ஓடி வந்தது. “இன்னா உள்ள பூந்துச்சு? கோட்டு மேலயே தட்டிட்டான்பா” என்றது மற்ற அணி. லேப்டாப்பில் போட்டு பிரேம் பிரேமாக நகர்த்தினோம். ஒரு பிரேமில் பந்து கோட்டுக்கு முன்னால் இருந்தது. அடுத்த பிரேமில் கீப்பர் கையில் பட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று வீடியோவில் இல்லவே இல்லை! நடுவர் தீர்ப்பு அப்படியே நின்றது. அந்த அணியின் கோச் அண்ணன் பையன்களைச் சமாதானம் செய்து கூட்டிப்போக அரை மணி நேரம் ஆனது.

ஏன் இப்படி? கணக்குப் போட்டால் புரிந்துவிடும். பந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்கு 20 மீட்டர். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில் பந்து நகரும் தூரம் இது:

வினாடிக்கு 30 பிரேம் – 67 செ.மீ.
வினாடிக்கு 60 பிரேம் – 33 செ.மீ.
வினாடிக்கு 120 பிரேம் – 17 செ.மீ.
வினாடிக்கு 240 பிரேம் – 8 செ.மீ.
வினாடிக்கு 500 பிரேம் (2014 உலகக் கோப்பையின் கோல்கண்ட்ரோல்) – 4 செ.மீ.

பந்தின் விட்டமே 22 செ.மீ. தான். 30 பிரேம் வீடியோவில், பந்து கோட்டைத் தாண்டி 30 செ.மீ. உள்ளே போய்த் திரும்பி வந்தாலும், அந்த 60 செ.மீ. பயணம் முழுவதும் இரண்டு படங்களுக்கு இடையிலேயே முடிந்துவிடலாம். எனவே உங்கள் பகுதியில் செய்து பார்க்க விரும்பினால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

பிரேம் ரேட்: போனின் கேமரா செட்டிங்ஸில் 30 என்று இருப்பதை 60 ஆக மாற்றுங்கள். கோல் கோட்டுக்கான போனில் 120 அல்லது 240 கிடைத்தால் அதையே வையுங்கள். ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால் 1/1000 வினாடி வையுங்கள், பந்து இழுபடாமல் தெளிவாக விழும். பைல்கள் பெரிதாகும் என்பதால் மெமரியைக் காலி செய்துகொண்டு போங்கள்.

இடம்: கோல் கோட்டுக்கான போன் கோட்டின் நேர் நீட்சியில் இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் போன், கோட்டிலிருந்து மைதானப் பக்கம் 2 மீட்டர் விலகி இருந்தால் என்னாகும்? கம்பத்துக்கு 3 மீட்டர் அப்பால், கோட்டைத் தாண்டி 30 செ.மீ. உள்ளே இருக்கும் பந்து, வீடியோவில் கம்பத்தோடு ஒட்டித் தெரியும். கோல் கோல் இல்லாமல் போய்விடும்!

ஒத்திசைவு: இரண்டு போன்களும் ஓடத் தொடங்கியதும், இரண்டுக்கும் தெரிகிற மாதிரி ஒருவர் ஒருமுறை பலமாகக் கைதட்டட்டும். பிறகு இரண்டு வீடியோக்களையும் அந்தத் தட்டலில் பொருத்திக்கொள்ளலாம்.

சாப்ட்வேர்: காசு செலவே இல்லை. விஎல்சி பிளேயரில் வீடியோவை நிறுத்திவிட்டு கீபோர்டில் ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். விண்டோஸில் இயங்கும் கினோவியா என்ற இலவச சாப்ட்வேரில் இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டலாம், கோடு போட்டு அளக்கவும் செய்யலாம்.

ஸ்லோ மோஷன் எச்சரிக்கை: பந்து எங்கே இருந்தது, கால் எங்கே பட்டது என்பதைப் பார்க்க மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். எவ்வளவு பலமாக இடித்தான் என்பதைச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாகப் பார்த்தால் தற்செயலாகப் பட்டதுகூட வேண்டுமென்றே செய்தது போலத் தோன்றும். வி.ஏ.ஆர். விதிகளும் இதையே சொல்கின்றன.

பிள்ளைகளின் படம்: ஆடுபவர்கள் சிறுவர்கள். பெற்றோரைக் கேட்காமல் வீடியோவை யூடியூபிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். தவறு செய்த கீப்பரின் முகம் ஊர் முழுவதும் சுற்றுவது நியாயமல்ல.

கடைசியாக ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே இரு அணிகளையும் நடுவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எதற்கெல்லாம் வீடியோ பார்க்கலாம், எத்தனை முறை கேட்கலாம், வீடியோவில் தெரியாவிட்டால் நடுவர் தீர்ப்பே முடிவு என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு அணிப் பயிற்சியாளர்களிடமும் பையன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெருவிலும் கொரியாவிலும் ஆடியவர்களிடம் யாரும் கேட்காத அந்த ‘ஐ அக்ரீ’யை நம் பிள்ளைகளிடமாவது கேட்டு வாங்குவோம். இரண்டு போன், ஒரு பழைய லேப்டாப், ஒரு தாள். அடுத்த விடுமுறைப் போட்டிக்கு இவை போதும், முயன்று பாருங்கள்.